பழைய ஆம்னி, ஈகோ வேன்களுக்கு கியர்பாக்ஸ் மாற்றலாமா? எல்லைக் கிராம உரிமையாளர்கள் போட வேண்டிய செலவுக் கணக்கு

பாறசாலை: கேரளத்தின் தென்கோடியில் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிக் கிராமங்களில் ஆம்னி, ஈகோ போன்ற சிறிய வேன்கள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. சந்தைக்குச் சரக்கு ஏற்றவும், மீன், காய்கறி கொண்டு செல்லவும், குடும்பத்துடன் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் போய்வரவும் இவை பயன்படுகின்றன. இவற்றில் பல 15 ஆண்டுகளைக் கடந்தவை. அத்தகைய வேனில் கியர்பாக்ஸ் பழுதானால், மாற்றும் செலவு வண்டியின் சந்தை மதிப்பில் கணிசமான பங்கை எட்டிவிடுகிறது. மாற்றுவதா, பழுது பார்ப்பதா, வண்டியையே கைவிடுவதா என்ற முடிவை எடுக்க உதவும் விவரங்களை இத்தொகுப்பில் காணலாம்.

எந்தெந்த வண்டிகள்?

மாருதி நிறுவனத்தின் வேன் 1984-ல் விற்பனைக்கு வந்தது. பின்னர் 'ஆம்னி' என்று பெயர் பெற்ற அந்த வண்டியின் உற்பத்தி, புதிய பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்த 2019-ல் நிறுத்தப்பட்டது. 796 சிசி திறனும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட அதன் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் உள்ளது. என்ஜினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ் பொருத்தப்பட்டுள்ளது. அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாக விசை பின்சக்கரங்களுக்குச் செல்கிறது.

ஆம்னியை விடச் சற்றுப் பெரிய ஈகோ 2010-ல் அறிமுகமானது. 1.2 லிட்டர் என்ஜினும் 5 கியர்களும் கொண்ட இந்த வண்டியும் பின்சக்கர இயக்கம் உடையது. 2010-ல் பதிவான முதல் ஈகோ வண்டிகள் 2025-லேயே 15 ஆண்டுகளை நிறைவு செய்துவிட்டன. கடைசியாக விற்பனையான ஆம்னிகளுக்கு 2034-ல் 15 ஆண்டுகள் நிறைவடையும். எனவே இந்தக் கேள்வி இன்னும் பல ஆண்டுகளுக்கு இப்பகுதி உரிமையாளர்கள் முன் நிற்கும்.

இரு வண்டிகளின் கட்டமைப்பிலும் ஒரு வசதி உண்டு. முன்சக்கர இயக்கக் கார்களில் கியர்பாக்ஸைக் கழற்ற அச்சுத் தண்டுகளையும், சில கார்களில் என்ஜினைத் தாங்கும் சட்டத்தையும் அகற்ற வேண்டியிருக்கும். ஆம்னி, ஈகோவில் புரொப்பல்லர் ஷாஃப்டையும் கிளட்ச், கியர் இணைப்புகளையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் விலக்கிவிட்டு, என்ஜினை அசைக்காமலேயே பெட்டியைக் கீழே இறக்கலாம். அதனால் கூலி ஒப்பீட்டளவில் குறைவு. செலவில் பெரும்பகுதி உதிரிபாகங்களுக்கே போகிறது.

பழுது உண்மையில் கியர்பாக்ஸில்தானா?

செலவைக் குறைக்கும் முதல் வழி சரியான பரிசோதனை. கியர் சரியாக விழவில்லை என்றவுடன் பெட்டியை மாற்றுவது தேவையற்ற செலவாக முடியலாம். கீழ்க்கண்ட அறிகுறிகளை உரிமையாளரே கவனிக்க முடியும்.

* எல்லா கியர்களும் கடினமாக விழுகின்றன. என்ஜினை நிறுத்தியதும் எளிதாக விழுகின்றன என்றால், கிளட்ச் முழுமையாக விலகவில்லை என்று பொருள். கிளட்ச் கேபிளைச் சரிசெய்வதோ கிளட்ச் செட்டை மாற்றுவதோ போதுமானதாக இருக்கலாம்.

* என்ஜின் நின்ற நிலையிலும் கியர் நெம்புகோல் தளர்வாக ஆடுகிறது, கியரின் இடம் பிடிபடவில்லை என்றால், நெம்புகோலையும் பெட்டியையும் இணைக்கும் பாகங்களில் உள்ள புஷ்கள் தேய்ந்திருக்கலாம். இது மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை.

* கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால், ரிலீஸ் பேரிங் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

* நியூட்ரலில் இருக்கும்போது இரைச்சல் வந்து, கிளட்ச்சை மிதித்ததும் அது நின்றால், கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் முதல் தண்டின் பேரிங் தேய்ந்துள்ளது.

* குறிப்பிட்ட ஒரு கியருக்கு மாற்றும்போது மட்டும் 'கிறீச்' என்று உரசும் ஒலி வந்தால், அந்த கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். ஓடும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் ஃபோர்க், கியர் பற்கள் ஆகியவற்றையும் என்ஜின் மவுண்டிங்கையும் பார்க்க வேண்டும்.

* வண்டி புறப்படும்போது 'டக்' என்ற ஒலியும், வேகமெடுத்ததும் அதிர்வும் இருந்தால், புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்திருக்கக்கூடும். பின்பக்கத்திலிருந்து ஊளையிடும் ஒலி வந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் அது மாறினால் கிரவுன் பகுதியைச் சோதிக்க வேண்டும். இவ்விரண்டுமே கியர்பாக்ஸுக்கு வெளியே உள்ள பாகங்கள்.

இவற்றுடன் கியர் ஆயிலையும் வடித்துப் பார்ப்பது அவசியம். ஆயிலில் நுண்ணிய உலோகத் தூள் சிறிதளவு இருப்பது இயல்பு. கையில் தட்டுப்படும் அளவுக்கு உலோகச் சில்லுகள் இருந்தால் பற்களோ பேரிங்கோ உடைந்துள்ளது. ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் பகுதி இது. தேங்கிய நீரில் ஓடிய வண்டிகளில் மழைக்காலம் முடிந்ததும் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது. பொழியூர், பூவார் போன்ற கடலோரப் பகுதிகளில் ஓடும் வண்டிகளிலும், மீன் ஏற்றும் வண்டிகளிலும் உப்பு நீரால் அடிப்பாகப் போல்ட்டுகளும் கேபிள்களும் துருப்பிடித்திருக்கும். கழற்றும்போது அவை முறிந்தால் கூலியும் நேரமும் கூடும்.

மூன்று வழிகள், மூன்று செலவுகள்

பழுது பெட்டிக்குள்தான் என்று உறுதியானால் உரிமையாளருக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பெட்டியைப் பிரித்துத் தேய்ந்த பேரிங், சிங்க்ரோ ரிங், ஆயில் சீல்களை மட்டும் மாற்றுவது. இரண்டாவது, கழித்துக்கட்டப்பட்ட வண்டியிலிருந்து எடுத்த பழைய பெட்டியை வாங்கிப் பொருத்துவது. மூன்றாவது, புதிய பெட்டி வாங்குவது.

மூன்றையும் ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். இதில் உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. தாங்கள் கேட்டறிந்த விலையை உரிமையாளர்கள் அந்தந்த இடத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

* பிரித்துப் பழுது பார்த்தல்: பேரிங், ரிங், சீல், ஆயில் 8,000 ரூபாய், கிளட்ச் செட் 2,500 ரூபாய், கழற்றிப் பிரித்து மாட்டக் கூலி 4,500 ரூபாய். மொத்தம் 15,000 ரூபாய்.

* பழைய பெட்டி: பெட்டி 9,000 ரூபாய், கிளட்ச் செட் 2,500 ரூபாய், சீல், ஆயில் 1,000 ரூபாய், கொண்டுவரும் செலவு 500 ரூபாய், கூலி 3,500 ரூபாய். மொத்தம் 16,500 ரூபாய்.

* புதிய பெட்டி: பெட்டி 30,000 ரூபாய், கிளட்ச் செட் 2,500 ரூபாய், ஆயில் 1,000 ரூபாய், கூலி 3,500 ரூபாய். மொத்தம் 37,000 ரூபாய்.

மூன்று கணக்கிலும் கிளட்ச் செட் இடம்பெற்றிருப்பதற்குக் காரணம் உண்டு. கிளட்ச்சை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். தேய்ந்த கிளட்ச்சை அப்படியே விட்டுப் பெட்டியை மாட்டினால், சில மாதங்களில் அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரிடும்.

முதல் வழி மலிவாகத் தோன்றினாலும், பெட்டியைப் பிரித்த பிறகே உண்மையான செலவு தெரியும். பற்சக்கரங்களும் தண்டும் சேதமடைந்திருந்தால் தொகை இரட்டிப்பாகலாம். எனவே 'பிரித்துப் பார்த்து, இந்தத் தொகைக்கு மேல் போனால் என்னைக் கேட்காமல் வேலையைத் தொடரக் கூடாது' என்று முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்வது பாதுகாப்பானது.

வரி விகிதத்தையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. அதற்கு முன் கியர்பாக்ஸ் போன்ற பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. வரிக்கு முந்தைய விலை 10,000 ரூபாயாக உள்ள பாகம் முன்பு 12,800 ரூபாய். இப்போது 11,800 ரூபாய். பழைய விலைப்பட்டியலை வைத்து மதிப்பீடு தந்தால் இந்த வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

பழைய பெட்டி வாங்கும்போது

திருவனந்தபுரத்திலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 66, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை வழியாகக் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தாலும் இருபுறத்து மக்களும் மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை ஆகிய இரு சந்தைகளையும் பயன்படுத்துகின்றனர். உதிரிபாகத் தேடலும் அப்படித்தான் நடக்கிறது. கேரளப் பகுதியில் 'ஆக்கிரிக் கடை' என்றும், தமிழ்நாட்டில் 'காயலான் கடை' என்றும் அழைக்கப்படும் கடைகள் பழைய பாகங்களை விற்கின்றன. உள்ளூரில் கிடைக்காதவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் வரை செல்வோரும் உண்டு.

பழைய பெட்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

* ஆம்னிக்கு ஈகோ பெட்டியோ, ஈகோவுக்கு ஆம்னி பெட்டியோ நேரடியாகப் பொருந்தும் என்று எண்ணக் கூடாது. என்ஜின் திறனும் கியர்களின் எண்ணிக்கையும் வேறு. வண்டியின் தயாரிப்பு ஆண்டைச் சொல்லி, கழற்றிய பெட்டியை உடன் எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

* முதல் தண்டைக் கையால் சுழற்றி, ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். தண்டை மேலும் கீழும் அசைத்தால் அதிக ஆட்டம் இருக்கக் கூடாது.

* உறையில் வெடிப்பு, பற்றவைத்த தழும்பு, உடைந்த போல்ட் துளை ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

* கடையின் பெயர், தேதி, பொருளின் விவரம், தொகை ஆகியவை அடங்கிய ரசீது பெற வேண்டும். திருட்டு வண்டியின் பாகம் என்ற சந்தேகம் பின்னர் எழுந்தால் இதுவே உரிமையாளரிடம் உள்ள ஆதாரம்.

* பொருத்தி ஓட்டிய பிறகு இரைச்சல் வந்தால் எத்தனை நாட்களுக்குள் மாற்றித் தருவார்கள், அப்போது கூலியை யார் ஏற்பது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குவது நல்லது.

ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் வேண்டுமா?

பதிவுச் சான்றிதழில் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இடம்பெறுகின்றன. கியர்பாக்ஸுக்கு அதில் தனி எண் கிடையாது. அதே வகைப் பெட்டியைப் பொருத்தினால் சான்றிதழில் உள்ள விவரம் எதுவும் மாறாது. என்ஜினையும் சேர்த்து மாற்றினால் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படும். சில கடைகளில் 'என்ஜினும் பெட்டியும் சேர்த்து' என்று சலுகை விலை சொல்லப்படும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேரளப் பதிவு வண்டியை மார்த்தாண்டத்தில் பழுது பார்ப்பதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. ஆனால் கியர்பாக்ஸ் செலவைத் தவிர்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வேறொரு பழைய வேனை வாங்க நினைப்போர், 47-வது பிரிவைக் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், புதிய பதிவு எண் பெற வேண்டும். அதாவது டிஎன் 74 அல்லது டிஎன் 75 எண்ணுள்ள வண்டி, கேஎல் 19 பாறசாலை அல்லது கேஎல் 20 நெய்யாற்றின்கரை அலுவலகத்தில் மறுபதிவாக வேண்டும். அதற்குத் தடையின்மைச் சான்றும் கேரள வரியும் தேவை. மலிவாகத் தெரியும் வண்டியின் விலையுடன் இவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

15 ஆண்டு நிறைவும் கியர்பாக்ஸ் முடிவும்

கியர்பாக்ஸ் செலவைத் தனியாகப் பார்த்தால் முடிவு தவறாகலாம். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால், ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் கார் வகை வண்டிகளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 20 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் வெளியான அறிவிக்கை அதை 10,000 ரூபாயாக்கியது.

இதனுடன் கேரள அரசின் வரியும் சேரும். 15 ஆண்டுகளைக் கடந்த தனியார் வாகனங்களுக்கான வரி, 2025-26 நிதிநிலை அறிக்கையில் 50 சதவீதம் உயர்த்தப்பட்டது. 750 கிலோ முதல் 1,500 கிலோ வரை எடையுள்ள கார்களுக்கு ஐந்தாண்டு வரி 12,900 ரூபாய். ஆம்னி, ஈகோ இரண்டும் இந்த எடைப் பிரிவில் வருகின்றன. தங்கள் வண்டிக்குச் செலுத்த வேண்டிய சரியான தொகையைப் பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு அறியலாம்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் பழைய பெட்டி மாற்ற ஆகும் 16,500 ரூபாயுடன், புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாயையும் வரி 12,900 ரூபாயையும் கூட்டினால் 34,400 ரூபாய். வண்டி அந்த ஐந்து ஆண்டுகளும் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 573 ரூபாய் செலவு. உடல் துருப்பிடித்து இரண்டே ஆண்டுகளில் நின்றுவிட்டால், மாதத்துக்குச் சுமார் 1,433 ரூபாய். ஆகவே கியர்பாக்ஸுக்குப் பணம் கொடுக்கும் முன் அடித்தட்டு, லீஃப் ஸ்பிரிங் பொருத்தும் இடங்கள், என்ஜின் அழுத்தம், பிரேக் ஆகியவற்றைச் சோதித்து, அடுத்த தகுதிச் சோதனையில் வண்டி தேறுமா என்று அறிய வேண்டும். பதிவு முடிய சில மாதங்களே இருந்தால், இந்தச் சோதனைக்குப் பிறகே கியர்பாக்ஸ் வேலையைத் தொடங்குவது நல்லது.

வாடகைக்கு ஓடும் மஞ்சள் பலகை வண்டிகளுக்கு விதி வேறு. எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்தப் பயன்பாட்டுப் பதிவில் உள்ள வேனை வாடகைக்கு ஓட்டி, அந்த வருவாயில் பழுதுச் செலவை ஈடுகட்ட நினைப்பது ஆபத்தானது. அனுமதியின்றி வாடகைக்கு ஓடும்போது விபத்து நேர்ந்தால், காப்பீட்டு இழப்பீட்டில் சிக்கல் வரும்.

காப்பீடு உதவுமா?

பொதுவாக உதவாது. இயந்திரக் கோளாறும் தேய்மானமும் வழக்கமான முழுக் காப்பீட்டில் விலக்கப்பட்டுள்ளன. கல்லில் மோதிக் கியர்பாக்ஸ் உறை உடைந்தது போன்ற விபத்துச் சேதத்துக்கு மட்டுமே கோர முடியும். அப்போதும் 10 ஆண்டுகளைக் கடந்த வண்டியில் உலோகப் பாகத்தின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவர்களுக்கு இதுவும் கிடைக்காது.

வெளிநாடுகளில் ஏன் செலவு அதிகம்?

கனடா, அமெரிக்காவில் வாழும் உறவினர்கள் மினிவேன் கியர்பாக்ஸ் மாற்ற ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும் என்று சொல்வதைப் பலர் கேட்டிருக்கலாம். அங்குள்ள மினிவேன்களில் இருப்பது தானியங்கி கியர்பாக்ஸ். டார்க் கன்வெர்ட்டர், ஆயில் அழுத்த வால்வுகள், மின்னணுக் கட்டுப்பாடு எனப் பல பகுதிகள் கொண்ட அதைச் சிறிய பட்டறையில் பிரித்துச் சீர்செய்வது கடினம். ஹோண்டா நிறுவனம் 1999 முதல் 2001 வரையிலான ஒடிஸி மினிவேன்களுக்கு இக்கோளாறு காரணமாக உத்தரவாதத்தை நீட்டிக்க நேர்ந்தது. ஆம்னி, ஈகோவின் எளிய கைமுறைப் பெட்டியை ஓர் உள்ளூர் மெக்கானிக் திறந்து, தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்ற முடிகிறது. பழைய வேன்கள் இங்கு நீண்ட காலம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை சரியில்லை என்றால்

பணம் பெற்றுக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாத பட்டறை மீதும், பழுதான பெட்டியை விற்ற கடை மீதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் புகார் அளிக்கலாம். எல்லைப் பகுதி மக்களுக்கு இச்சட்டம் தரும் முக்கிய வசதி, புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தில் உள்ள மாவட்ட ஆணையத்தையே அணுகலாம் என்பது. பாறசாலையில் வசிப்பவர் தமிழ்நாட்டில் செய்த வேலை குறித்துத் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் சுயதொழில் வண்டியின் உரிமையாளரும் நுகர்வோராகவே கருதப்படுவார். இதற்கெல்லாம் அடிப்படை ரசீது. எனவே மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மாற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தால்

தகுதிச் சோதனையில் தேறாது என்று தெரிந்த வண்டியை வாகன அழிப்புக்கான பதிவு பெற்ற மையத்தில் ஒப்படைக்கலாம். அங்கு தரப்படும் ஒப்படைப்புச் சான்றிதழைக் கொண்டு புதிய சொந்த வாகனத்துக்கு மோட்டார் வாகன வரியில் 25 சதவீதம் வரையும், வணிக வாகனத்துக்கு 15 சதவீதம் வரையும் சலுகை அளிக்க மத்திய விதிகள் இடமளிக்கின்றன. உள்ளூர் பழைய இரும்புக் கடையில் விற்பதானால், அதற்கு முன் பதிவு அலுவலகத்தில் ஆர்.சி.யை ரத்து செய்வது கட்டாயம். ரத்து செய்யாத வண்டிக்கு வரி பாக்கி ஏறிக்கொண்டே போகும். அதன் எண்ணையோ சேசிஸையோ வேறு யாராவது தவறாகப் பயன்படுத்தினால், பதிவில் உள்ள உரிமையாளரையே காவல்துறை முதலில் தேடி வரும்.